மினுக்கினால் முடிஞ்சுதா?

சித்தியின் மகளுக்கு 13 வயது. சித்தி சீட்டுக்காசு எடுத்து அவளுக்கு ஒரு கிற்றார் செய்விச்சுக் குடுத்தா. கடையில பையோட தொங்குற இறக்குமதிச் சாமான் இல்லை. உள்ளூர்ப் பட்டறையில சொல்லி, கையால செய்வித்தது. வந்த அண்டைக்கு வீட்டில திருவிழாதான். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். எல்லாரும் படம் எடுத்தம். நானும் முகநூலில போட்டன். "எங்கட ஆக்களின் கைவேலை" எண்டு மேல ஒரு வரியும் எழுதினன். நல்லா லைக் விழுந்தது.

நாலு மாதத்தில அது அலுமாரிக்கு மேல ஏறிட்டுது. ஏனெண்டு கேட்டால், "எனக்கு வராது அண்ணா, என்ர விரல் சரியில்லை" எண்டாள். பழக்கினவர் சொன்னாராம்: "பிள்ளை, விரல் காய்க்கும் வரைக்கும் நோகத்தான் செய்யும். பொறுங்கோ." பிள்ளை பொறுத்துப் பார்த்தது. விரல் நுனி வெடிச்சுது. எஃப் கோர்ட் மட்டும் கடைசி வரை வரேல்ல.

இறக்கி எடுத்துப் பார்த்தன். கிற்றாரின் கழுத்தில குறுக்கே பதிச்சிருக்கிற உலோகக் கம்பிகளைத்தான் ஃபிரெட் எண்டு சொல்லுறது. வீணையில மெட்டு எண்டு சொல்லுறமே, அதுதான். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கும் அதுக்கு மேல போற தடிச்ச கம்பிக்கும் இடையில வங்கி அட்டைகளை ஒவ்வொண்டாச் செருகினன். ஆறு அட்டை போச்சுது. ஒரு அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். ஆறெண்டால் நாலரை மில்லிமீற்றர். உருக்குக் கம்பி கட்டின கிற்றாரில அந்த இடத்தில இருக்கவேண்டியது ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர், அதாவது மூண்டு அட்டை. மெல்லிய கம்பிக்குக் கீழ ரெண்டு அட்டை காணும்.

பிள்ளையின் விரலில ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்கக் கிற்றாரில. ஆனால் அந்த நாலு மாதமும் வீட்டில ஒருத்தரும், பழக்கினவர் உட்பட, கிற்றாரைச் சந்தேகப்படேல்ல. எல்லாரும் சந்தேகப்பட்டது அவளைத்தான். படம் போட்டு லைக் வாங்கின நானும் அதில ஒருத்தன்.

அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லி அடிக்கிறதுக்கு நான் இதை எழுதேல்ல. பிழை அந்த ஒரு பட்டறைக்குச் சொந்தமானதில்லை. எங்கள் எல்லாரிட்டையும் ஊறிப்போன ஒரு எண்ணம் இருக்கு: மரத்தை ஒட்டி, வார்னிஷ் பூசி, கம்பி கட்டினால் கிற்றார் முடிஞ்சுது. முடியேல்ல. அதை வாசிக்கிறவரின் விரலுக்கும் காதுக்கும் பொருத்துற வேலை, செற்-அப் எண்டு சொல்லுற அந்த வேலை, மிச்சம் கிடக்கு. அதைச் செய்யாமல் ஒரு கிற்றாரைக் கையில குடுக்கிறது, ஒரு காற்செருப்பை ஆணி வெளியில நீட்டினபடி குடுத்துவிட்டு, "நடக்க நடக்கச் சரிவரும்" எண்டு சொல்லுற மாதிரி. கையால செய்தது எண்ட சொல் அதுக்கு மன்னிப்பாகாது.

எது முடிந்த கருவி?

இந்தக் கேள்விக்கு ஒரு சட்ட விளக்கமே இருக்கு. கிற்றாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் விரும்பிப் பாவிக்கிற ரோஸ்வூட் மர இனம் முழுவதும் 2017 ஜனவரியில சைற்றிஸ் எண்ட சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள்ள வந்தது. அழிந்துபோகக்கூடிய உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம் அது. அதுக்குப் பிறகு ரோஸ்வூட் வைச்ச ஒரு கிற்றாரை வேறு நாட்டுக்கு விற்கிறதெண்டாலும் பத்திரம் வேணும் எண்டாச்சு. கருவி செய்யிறவையும் இசைக்கலைஞர்களும் எதிர்ப்புத் தெரிவிச்சினம். 2019ஆம் ஆண்டு மாநாட்டில, பிரேசில் ரோஸ்வூட் நீங்கலாக, முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைச்சுது. அந்த மாநாடு கொழும்பில நடக்க இருந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றினவை.

சரி, முடிந்த கருவி எண்டால் என்ன? ஒப்பந்தத்தின் விளக்கப்படி, வாசிக்கத் தயாராக இருக்கிறது. அல்லது பாகங்களைப் பூட்டினால் மட்டும் போதும், வாசிக்கலாம் எண்ட நிலையில இருக்கிறது. மினுக்கம் பற்றி அதில ஒரு சொல்லும் இல்லை. சுங்க அதிகாரிகளுக்கு எழுதின சட்டம் கூட வாசிப்பை வைச்சுத்தான் முடிவைத் தீர்மானிக்குது. நாங்கள்தான் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்துத் தீர்மானிக்கிறம்.

மேசைக்குப் பூசுற மாதிரி

முதல்ல பூச்சைப் பற்றிக் கதைப்பம், ஏனெண்டால் காசு கூடப் போறது அங்கதான்.

மேசைக்கு வார்னிஷ் பூசுறது தேத்தண்ணிக் கறை பிடிக்காமல் இருக்க. எவ்வளவு தடிப்பமா இருக்கோ அவ்வளவு நல்லம். கிற்றாரின் முன்பலகை வேற சாதி. அது இரண்டரை, மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு தோல். கம்பியின் அசைவை வாங்கித் தானும் அசைஞ்சு, காத்தை அசைக்கிறது அதின்ர வேலை. அதுக்கு மேல பூசுற ஒவ்வொரு பூச்சும் பாரம் கூட்டுது, அசைவை அமத்துது. ஒரு பறையின் தோலில பெயின்ற் அடிக்க யாராவது ஒத்துக்கொள்ளுவினமா? கிற்றாரில மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளுறம்?

முன்பலகைதான் கிற்றாரின் குரல் எண்டது புதுக் கதையும் இல்லை. இண்டைக்கு நாங்கள் காணுற கிற்றாரின் வடிவத்தை நிலைநிறுத்தினவர் எண்டு சொல்லப்படுகிற ஸ்பெயின்காரர் அன்ரோனியோ டி ரொறஸ், 1862இல ஒரு கிற்றார் செய்தார். முதுகும் பக்கங்களும் கடதாசிக் கூழ் அட்டை. முன்பலகை மட்டும் நல்ல மரம். குரல் எங்கயிருந்து வருது எண்டு காட்டுறதுக்கு அவர் செய்த வேலை அது. பார்சலோனாவில இசை அருங்காட்சியகத்தில இப்பவும் இருக்கு.

அந்தக் காலத்து ஆக்கள் பூசினது அரக்கு. ஆம், மகாபாரதத்தில மாளிகை கட்டின அதே அரக்குத்தான். ஒரு பூச்சி மரக்கிளையில சுரக்கிறதைச் சுத்தப்படுத்தி, செதில் செதிலாக்கி, மதுசாரத்தில கரைச்சு, துணிப் பொட்டலத்தில தொட்டு, நாள்கணக்கில தேய்க்கிறது. பிரெஞ்சு பொலிஷ் எண்டு எங்கட ஓடாவிமாருக்கும் தெரிஞ்ச வேலைதான். பழைய அலுமாரி, கதிரைக்குச் செய்தவை. மாத்தளைப் பக்கம் அரக்கில நிறவேலை செய்யிற பரம்பரை இப்பவும் இருக்கு. ஆக, எங்களுக்கு அந்நியமான பொருள் இல்லை இது. அரக்கின் நன்மை அதின்ர மெல்லிசு. இருக்கோ இல்லையோ எண்ட தடிப்பில நிண்டு மரத்தைக் காப்பாற்றும். வியர்வைக்கும் வெக்கைக்கும் அது கொஞ்சம் சோர்ந்துபோகும் எண்டது உண்மை. ஆனால் திரும்பத் தேய்ச்சுச் சரிப்பண்ணலாம்.

அரக்குத்தான் பூச வேணும் எண்டு நான் மதம் மாற்ற வரேல்ல. நைட்ரோ அடியுங்கோ, பொலியூறதேன் அடியுங்கோ. மெல்லிசா அடியுங்கோ, காய விடுங்கோ. அவ்வளவுதான். நைட்ரோ பூச்சுக் காய்ஞ்சு இறுகக் கிழமைக்கணக்கில எடுக்கும். மூண்டாம் நாளே மினுக்கி அனுப்பினால், பிறகு பூச்சு உள்வாங்கி மரத்தின் நாரெல்லாம் கோடு கோடா எழும்பும். மழைக்கால ஈரத்தில ஸ்பிறே பண்ணினால் பூச்சு பால் மாதிரி வெளுறும். வெளுறினதை மறைக்க மேல இன்னொண்டு, அதுக்கு மேல இன்னொண்டு. இப்பிடித்தான் ஒரு கிற்றார் மெல்ல மெல்ல மேசையாகுது.

இன்னொரு பிழை உயிரை எடுக்கிறது. கம்பிகளைப் பிடிச்சு வைச்சிருக்கிற மரத்துண்டு, பிறிட்ஜ், வெறும் மரத்தில ஒட்டுப்பட வேணும். ஆறு உருக்குக் கம்பியும் சேர்ந்து இழுக்கிறது 70 கிலோவுக்கு மேல. ஒரு வளர்ந்த ஆள் நாள் முழுக்கத் தொங்குற பாரம். முன்பலகை முழுக்க வார்னிஷ் அடிச்சு முடிச்சிட்டு அதுக்கு மேல பிறிட்ஜை ஒட்டினால், பசை பிடிக்கிறது மரத்தையில்லை, வார்னிஷை. ஆறு மாதத்தில பின்பக்கம் மெல்லக் கிளம்பும். கடதாசி ஒண்டைப் பிறிட்ஜுக்குப் பின்னால செருகிப் பாருங்கோ; உள்ளுக்குப் போனால் அது கிளம்பத் தொடங்கிட்டுது. பூச வேண்டாத இடத்தில பூசாமல் விடுறதும் பூச்சு வேலைதான். படத்தில அது தெரியாது.

இரைச்சலை உயரத்தால மறைக்கிறது

இனி மிச்சப் பாதி. ஆறு அட்டை ஏன் போச்சுது?

முதல்ல நான் நினைச்சது, அளவு தெரியாமல் உயர்த்திட்டினம் எண்டு. அப்பிடியில்லை. வேணுமெண்டுதான் உயர்த்தியிருக்கினம். ஃபிரெட்டுகள் ஒரே மட்டத்தில இல்லை. நேர்விளிம்பு ஒண்டை மேல வைச்சுப் பார்த்தால் ஏழாவதும் பத்தாவதும் முழிச்சுக்கொண்டு நிண்டது. கம்பியைத் தாழ்த்தினால் அதிலபட்டு "ஸ்ஸ்ர்" எண்டு இரையும். அந்த இரைச்சலை இல்லாமல் செய்ய ரெண்டு வழி. ஒண்டு, ஃபிரெட்டுகளுக்கு மை பூசி, நேரான அரத்தால மட்டம் பிடிச்சு, ஒவ்வொண்டின் தலையையும் திரும்ப உருட்டி, மண்கடதாசியால தேய்ச்சு மினுக்கிறது. ஒரு முழு நாள் வேலை, கூர்மையான கண் வேணும். மற்றது, பிறிட்ஜில கம்பி ஏறி நிக்கிற எலும்புத் துண்டை, சாடிலை, உயர்த்திவிடுறது. அஞ்சு நிமிச வேலை. இரைச்சல் நிண்டுடும். விரலை யோசிச்சால்தானே.

ஒரு கணக்கும் இருக்கு. பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பி நீளத்தின் சரி பாதியில இருக்கிறதால, அங்க இரண்டு மில்லிமீற்றர் குறைக்க வேணுமெண்டால் சாடிலில நாலு மில்லிமீற்றர் குறைக்க வேணும். இந்தக் கிற்றாரில சாடில் ஏழு மில்லிமீற்றர் வெளியில நிண்டதால தப்பிச்சம். சில கிற்றாரில குறைக்கச் சாடிலே மிஞ்சாது. அப்ப பிழை கழுத்து ஒட்டின கோணத்தில. அதைத் திருத்தக் கழுத்தைக் கழற்ற வேணும். அதாவது, கடைசியில செய்யிற வேலையின் விளைவை முதல் நாளே யோசிச்சிருக்க வேணும்.

அடுத்தது தலைப்பக்கம், நட் எண்ட சின்ன எலும்புத் துண்டு. அதில வெட்டின காடிகள் ஆழம் காணாது எண்டால் முதலாம் ஃபிரெட்டில அமத்துறது கம்பியோட மல்லுக்கட்டுற வேலை. எஃப் கோர்ட் வராததுக்குக் காரணம் அனேகமா இதுதான். இதைவிட மோசமான விளைவு ஒண்டு இருக்கு: உயரத்தில இருந்து அமத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். திறந்த கம்பியை எவ்வளவு சரியாச் சேர்த்தாலும், கோர்ட் பிடிச்சால் அபசுரம். தொடங்குற பிள்ளை முதல் ரெண்டு வருசமும் வாசிக்கிறது முழுக்க அந்த முதல் மூண்டு ஃபிரெட்டுக்குள்ளதான். இப்ப அவளுக்கு விரலும் சரியில்லை, காதும் சரியில்லை எண்டாச்சு. அந்தத் தீர்ப்பை எழுதினது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைஞ்ச எலும்பு.

சாடில் இருக்கிற இடமும் அப்பிடித்தான். கம்பி நீளம் 650 மில்லிமீற்றர் எண்டு அடிமட்டத்தில அளந்து, அந்த இடத்தில நேராச் சாடிலை வைச்சால், கணக்குச் சரி, சுரம் பிழை. அமத்தும்போது கம்பி இழுபடுறதால ரெண்டு, மூண்டு மில்லிமீற்றர் பின்னால தள்ளி, தடிச்ச கம்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம் சரிச்சு வைக்க வேணும். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேல கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் வாற சுரமும், அங்கயே அமத்தி மீட்டினால் வாற சுரமும் ஒண்டாயிருக்க வேணும். கைபேசியில சுருதி பார்க்கிற செயலி இருந்தால் காணும், ஒரு நிமிசத்தில பிடிச்சிடலாம்.

எங்கட ஆக்களுக்கு இது தெரியும்

"உதெல்லாம் வெள்ளைக்காரன்ர அளவு. எங்கட ஆக்கள் எங்கட மாதிரிச் செய்வினம்" எண்டு ஒருத்தர் சொன்னார். இதுக்குத்தான் எனக்குக் கூடக் கோவம் வந்தது.

எங்கட மாதிரி எண்டால் என்ன? வீணையை எடுங்கோ. பலாமரத்தைக் குடைஞ்சு, யாளித் தலை செதுக்கி, பொலிஷ் போட்டு முடிச்சாப்போல அதை யாரும் வீணை எண்டு வாங்கிறேல்ல. மெழுகும் கரியும் கலந்த மேளத்தில 24 மெட்டையும் ஒவ்வொண்டாக் காதால கேட்டுக் கேட்டு இருத்த வேணும். மேளம் கட்டுறது எண்டு அதுக்குப் பெயரே தனியா இருக்கு. அந்த வேலைக்குக் காது வேணும், செய்யிறவருக்குக் காசு வேற, மரியாதை வேற. மெழுகு இளகிச் சுரம் விலகினால் திரும்பவும் கட்டுறது. நாதஸ்வரக்காரர் ஒரு சீவாளியோட மேடைக்குப் போறேல்ல. கொத்தாத் தொங்கும், அண்டைய காத்துக்கும் ஈரத்துக்கும் எது பேசுதோ அதைத்தான் செருகுவார். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முதல் கல்லோட இருந்து தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கிறதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறம்.

கருவி முடியிறது காதிலதான் எண்டு எங்கட மரபுக்கு வடிவாத் தெரியும். கிற்றாருக்கு மட்டும் அந்த அறிவைக் கழட்டி வைச்சிட்டு, அதைத் தளபாடம் மாதிரிச் செய்து, தளபாடம் மாதிரி வாங்கிறம். மரபை விட்டது அளவு கேட்கிற நானில்லை.

"வெளிநாட்டுக் கிற்றாருக்கும் செற்-அப் வேணும்தானே?" எண்டும் கேட்பினம். வேணும். தொழிற்சாலையில இருந்து வாற மலிவுக் கிற்றாரும் அனேகமா உயரமாத்தான் வரும். ஆனால் தொழிற்சாலை ஆயிரக்கணக்கில செய்யுது, வாசிக்கப்போறவரின் கையைப் பார்க்கிறேல்ல. கையால செய்யிறவருக்கு அந்தக் கை தெரியும். 13 வயதுப் பிள்ளைக்கு எண்டு சொல்லித்தான் சித்தி குடுத்தா. ஒருத்தருக்காக ஒண்டு செய்யிறதுதான் கைவேலையின் ஒரே பலம். அதைச் செய்யாத கைவேலை, மெதுவா ஓடுற தொழிற்சாலை.

மூண்டாவது எதிர்ப்புத்தான் பாரமானது. "கைத்தொழில் செய்யிறவன் ஏற்கெனவே கஷ்டத்தில. 2022க்குப் பிறகு மரம் விலை, கம்பி விலை, எல்லாம் ஏறிட்டுது. நீங்கள் அவனில குறை பிடிக்கிறியள்." இதில நியாயம் இருக்கு. நல்ல முன்பலகை மரமும், சுத்துற சாவிகளும், கம்பியும் வெளியில இருந்துதான் வருது. ரூபாய் விழுந்தால் முதல் அடி பட்டறைக்கு. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ, விலை பேசும்போது நாங்கள் எதைக் குறைக்கிறம்? "இன்னும் கொஞ்சம் மினுக்கித் தாங்கோ" எண்டு கேட்கிறம். "ஃபிரெட் மட்டம் பிடிக்க ஒரு நாள் கூலி தாறன்" எண்டு இதுவரைக்கும் யாராவது சொல்லியிருக்கிறமா? நாங்கள் காசு குடுக்கிறது கண்ணுக்கு. அவர் வேலை செய்யிறதும் கண்ணுக்குத்தான். அவரை ஏமாத்துக்காரர் எண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை, கேட்டதைத்தான் தந்தார். ஆனால் அவருக்கு ஆதரவு எண்டு சொல்லிக்கொண்டு, வாசிச்சும் பார்க்காமல் படத்தைப் பகிர்ந்தது ஆதரவே இல்லை. அந்த மனிசனுக்கு அடுத்த கிற்றாரை இதைவிட நல்லாச் செய்ய உதவுற ஒரு சொல்லைக்கூட நாங்கள் குடுக்கேல்ல. குறை சொல்லுறதை இரக்கத்தால தவிர்க்கிறது, அவரைக் கைவினைஞராப் பார்க்காமல் நிவாரணம் வாங்குறவராப் பார்க்கிறது.

அப்ப என்ன செய்யிறது?

வாங்கிறவைக்கு: வெளிச்சத்தில பிடிச்சுப் பார்க்க முதல் மூண்டு இடத்தைப் பாருங்கோ. ஒண்டு, பன்னிரண்டாவது ஃபிரெட்டில அட்டைக் கணக்கு: தடிச்ச பக்கம் மூண்டு, மெல்லிய பக்கம் ரெண்டு. நைலோன் கம்பி எண்டால் அது இன்னும் அகலமா அசையும், தடிச்ச பக்கம் நாலு மில்லிமீற்றர் வரை போகலாம். ரெண்டு, மூண்டாவது ஃபிரெட்டுக்குச் சற்று முன்னால கம்பியை அமத்திக்கொண்டு முதலாம் ஃபிரெட்டுக்கு மேல பாருங்கோ: ஒரு கடதாசி போற இடைவெளி காணும். மூண்டு, முதலாவதையும் பதினாலாவதையும் ஒரே நேரத்தில அமத்திக்கொண்டு ஏழாவதில பாருங்கோ: ஃபோட்டோகொப்பிக் கடதாசி ஒண்டு, ரெண்டு போனால் கழுத்தின் வளைவு சரி. பிறகு ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃபிரெட்டிலயும் ஒரு தடவை மீட்டுங்கோ. வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. பத்து நிமிசம்.

செய்யிறவைக்கு: செற்-அப்பைத் தனியா எழுதிக் காசு கேளுங்கோ. "பூச்சு இவ்வளவு, பொருத்தம் இவ்வளவு." கேட்டால்தான் அது ஒரு வேலை எண்டு எங்களுக்கு விளங்கும். கம்பி கட்டின அண்டைக்கே குடுத்து அனுப்பாதையுங்கோ. அந்த 70 கிலோ இழுவையில முன்பலகை மெல்லப் பொம்மும், கழுத்துக் கொஞ்சம் வளையும். ஒரு கிழமை பட்டறையில நிக்கட்டும், பிறகு திரும்ப அளவுங்கோ. எங்கட ஊர் ஈரமும் அப்பிடித்தான். மாரியில மரம் ஈரம் குடிச்சுப் பொம்மிக் கம்பி உயரும். கோடையில காய்ஞ்சு தாழ்ந்து இரையும். அதால வருசத்துக்கு ஒருக்கா, ரெண்டு தரம் திருத்தக் கொண்டுவரச் சொல்லுங்கோ. அது உங்களுக்கு வருமானமும்தான்.

பழக்கிறவைக்கு: "நோகத்தான் செய்யும்" எண்டு சொல்ல முதல் அந்தக் கிற்றாரை ஒருக்கா வாங்கி நீங்கள் வாசிச்சுப் பாருங்கோ. புதுசாத் தொடங்கும்போது நோகும், உண்மை. நுனி கொஞ்சம் காய்க்கும், ரெண்டு மூண்டு கிழமையில பழகும். நாலு மாதமா வெடிக்கிறது பயிற்சியில்லை. பொறுமை எண்ட பெயரில ஒரு பழுதான கருவியைப் பிள்ளையின் உடம்பால சரிக்கட்டாதையுங்கோ.

எங்களுக்கு, இந்த எழுத்தை வாசிக்கிற, படம் எடுக்கிற, நிகழ்ச்சி வைக்கிற ஆக்களுக்கு: ஒரு நேர்விளிம்பு, தடிப்பு அளக்கிற தகடு ஒரு கட்டு, காடி வெட்டுற அரங்கள், ஃபிரெட்டுத் தலை உருட்டுற ஒரு அரம். இவ்வளவையும் நாலு பேர் சேர்ந்து வாங்கி ஒரு இடத்தில வைக்கலாம். மாதத்தில ஒரு ஞாயிறு, கிற்றாரைக் கொண்டுவாங்கோ எண்டு சொல்லலாம். கிற்றார் செய்யிற ஓடாவி ஒருத்தரைக் காசு குடுத்துக் கூப்பிட்டு, அவரும் நாங்களும் சேர்ந்து பழகலாம். உள்ளூர் உற்பத்திக்கு ஆதரவு எண்டு நாங்கள் எழுதின வரிகளை விட அது பிரயோசனம்.

சித்தியின் மகளின் கிற்றாரை ரெண்டு நாள் இருந்து திருத்தினம். ஃபிரெட் மட்டம் பிடிச்சு, நட்டில காடி இறக்கி, சாடிலில நாலு மில்லிமீற்றர் தேய்ச்சு எடுத்தாச்சு. இப்ப தடிச்ச பக்கம் மூண்டு அட்டையும் ஒரு கடதாசியும் போகுது. எஃப் கோர்ட் ஒரு விரலை மடிச்சு வைச்சாலே பேசுது. பூச்சை ஒண்டும் செய்ய ஏலாது. அது தடிப்பமாத்தான் இருக்கு, குரல் கொஞ்சம் பொத்தின மாதிரித்தான்.

அவளிட்டக் குடுத்தன். வாங்கி ரெண்டு தரம் மீட்டினாள். "நல்லா இருக்கு அண்ணா" எண்டாள். திருப்பித் தந்திட்டாள். தனக்கு வராது எண்டு அவள் ஏற்கெனவே முடிவெடுத்திட்டாள். அதை அரத்தால தேய்ச்சு எடுக்க ஏலாது. இப்ப அதைப் பக்கத்து வீட்டுப் பெடியன் வாசிக்கிறான்.

அடுத்த தடவை ஒரு மினுக்கின கிற்றாரின் படத்துக்குக் கீழ "சூப்பர்" எண்டு எழுத முதல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: எத்தினை அட்டை போகுது?